எந்தப் பிரதி சரியானது? செஃப் க்ளஸ்டர் பற்றி வாசகர் கேள்வி – பதில்

பருவமழை ஓய்ந்த கையோடு கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்கள் இவை. செஃப் என்பது ஒரே தரவைப் பல சர்வர்களின் டிஸ்க்குகளில் பிரதி எடுத்து வைக்கும் சேமிப்பு மென்பொருள்; அப்படிச் சேர்ந்து இயங்கும் சர்வர்களின் கூட்டம்தான் க்ளஸ்டர். சர்வர் அறைக்குள் மழை வராவிட்டாலும் மின்வெட்டு வந்துவிடுகிறது. அதன் பிறகு ஒரே தரவின் பிரதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நிற்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம். கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம்; திரையில் அடிக்கும்போது எல்லாமே ஆங்கிலச் சிற்றெழுத்து.

கல்லூரிக் கணினி மையப் பொறுப்பாளர், லாஸ்பேட்டை: எங்களிடம் ஐந்து சர்வர் கொண்ட செஃப் க்ளஸ்டர் இருக்கிறது. மூன்று பிரதி. லேப் விர்ச்சுவல் மெஷின்கள் எல்லாம் அதில்தான். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் 'ஹெல்த் எர்' என்று சிவப்பில் நிற்கிறது. ஒரு பிஜி இன்கன்சிஸ்டென்ட் என்கிறது. லேப் வழக்கம்போல ஓடுகிறது. விசாரித்தவர்கள் எல்லோரும் 'பிஜி ரிப்பேர்' கொடுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், பத்து நிமிடம் கழித்து. லேப் ஓடுகிறது என்றால் அவசரம் இல்லை என்று பொருள். அந்தப் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள்.

செஃப் தன்னிடம் உள்ள ஆப்ஜெக்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, பிளேஸ்மென்ட் குரூப் என்ற கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் மூன்று டிஸ்க்குகளில் வைக்கிறது. பிஜி என்பது இந்தக் கட்டுதான். ஒவ்வொரு டிஸ்க்கையும் ஓஎஸ்டி என்ற ஒரு நிரல் கவனித்துக்கொள்கிறது. பின்னணியில் ஸ்க்ரப் என்ற வேலை ஓடி மூன்று பிரதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும். சாதாரண ஸ்க்ரப் நாளுக்கு ஒருமுறை: ஆப்ஜெக்ட் இருக்கிறதா, அளவு ஒன்றா, கூடவே உள்ள குறிப்புகள் ஒன்றா என்பதோடு சரி. டீப் ஸ்க்ரப் வாரம் ஒருமுறை: ஒவ்வொரு பைட்டையும் படித்து செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) போட்டுப் பார்க்கும். ஞாயிறு இரவு அப்படிப் பார்த்தபோது எங்கோ ஓரிடத்தில் மூன்றும் ஒத்துப்போகவில்லை. உங்களுக்கு வந்திருப்பது அந்தச் சேதி மட்டுமே. தரவு போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

'செஃப் ஹெல்த் டீடெயில்' கொடுங்கள். பிஜி எண் 4.17, ஆக்டிங் 7, 2, 11 என்பது மாதிரி ஒரு வரி வரும். அந்த மூன்று எண்களும் பிரதி இருக்கும் ஓஎஸ்டிகள். முதலில் நிற்பது பிரைமரி. இந்த வரியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து 'ராடோஸ் லிஸ்ட்-இன்கன்சிஸ்டென்ட்-ஆப்ஜ் 4.17', அதன் பின்னால் 'ஃபார்மட்' என்பதற்கு 'ஜேசான்-ப்ரிட்டி'. நீளமாகக் கொட்டும். அதில் இரண்டு இடங்களைப் பாருங்கள். 'எரர்ஸ்' என்ற வரி பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டதில் தெரிந்த முரண். 'ஷார்ட்ஸ்' (ஷார்ட் என்றால் ஓர் ஓஎஸ்டியில் உள்ள பிரதி) என்ற பகுதியில் ஒவ்வொரு ஓஎஸ்டிக்கும் தனித்தனியாகக் குறை இருந்தால் எழுதியிருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நோய் எதுவென்று பிடிபடும்.

அனேகமாக நீங்கள் பார்க்கப்போவது ஓஎஸ்டி 2-இன் கீழே 'ரீட் எரர்'. 7-உம் 11-உம் ஒரே அளவு, 4194304 பைட், ஒரே டைஜஸ்ட் (முழு ஆப்ஜெக்டுக்கான செக்சம்). அதாவது அந்த டிஸ்க்கால் அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை, அல்லது படித்தது தன் சொந்த செக்சத்தோடு ஒத்துப்போகவில்லை. லூமினஸ் பதிப்பிலிருந்து, அதாவது 2017 முதல், வழக்கமாகி வந்திருக்கும் ப்ளூஸ்டோர் (ஓஎஸ்டி டிஸ்க்கில் தரவை எழுதி வைக்கும் பகுதி) ஒவ்வொரு 4,096 பைட் துண்டுக்கும் ஒரு செக்சம் வைத்திருக்கிறது. கெட்ட பிரதி தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த நிலையில் 'செஃப் பிஜி ரிப்பேர் 4.17' தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு ஷார்டில் 'மிஸ்ஸிங்' என்று மட்டும் இருந்தாலும் அப்படியே.

கொடுத்த உடனே ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். ரிப்பேர் என்பதும் ஒரு டீப் ஸ்க்ரப்தான், வரிசையில் நிற்கும். அந்த மூன்று ஓஎஸ்டிகளில் ஏதாவது ஒன்று வேறு ஸ்க்ரப்பில் மாட்டியிருந்தால் அது முடியும்வரை காத்திருக்கும். பலர் பொறுமையிழந்து நாலைந்து முறை அடிக்கிறார்கள். அதனால் வேகம் கூடாது. வேண்டுமானால் 'செஃப் ஓஎஸ்டி செட் நோடீப்-ஸ்க்ரப்' கொடுத்து, அதாவது அந்தப் பெயருள்ள கொடியை ஏற்றி, புதிய டீப் ஸ்க்ரப் எதுவும் குறுக்கே வராமல் நிறுத்திவையுங்கள். 'செஃப் டபிள்யூ' திரையில் ஓர் எரர், ஒன்று சரிசெய்யப்பட்டது என்ற வரி வந்ததும் அந்தக் கொடியை இறக்கிவிடுங்கள்.

இனி நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம். 'ஷார்ட்ஸ்' பகுதியில் யார் மீதும் குறை இல்லை. மேலே 'எரர்ஸ்' வரியில் மட்டும் 'டேட்டா டைஜஸ்ட் மிஸ்மேட்ச்' என்று இருக்கிறது. ஒவ்வொரு பிரதியும் தன்னளவில் சுத்தம், செக்சமும் சரி, ஆனால் உள்ளடக்கம் வேறு வேறு. ரிப்பேர் கட்டளை மூன்று பிரதிகளையும் வைத்து வாக்கெடுப்பு நடத்தி, இரண்டு பேர் சொல்வதை ஏற்றுக்கொள்ளும் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் அதற்குள் இல்லை. தானாகக் குறை தெரியும் பிரதிகளை ஒதுக்கும். ஆப்ஜெக்ட்டோடு முழு டைஜஸ்ட் பதிவாகியிருந்தால் அதோடு ஒப்பிடும். அதுவும் இல்லையென்றால் பிரைமரி பக்கம் சாயும். விர்ச்சுவல் மெஷின் (விஎம்) டிஸ்க்குகளில் நடுவில் துண்டு துண்டாக எழுதும்போது அந்த முழு டைஜஸ்ட் செல்லாமல் போய்விடும். ஆகவே உங்கள் லேப் மாதிரியான இடத்தில்தான் இந்த ஆபத்து அதிகம். கெட்டது பிரைமரி என்றால், ஒரு ரிப்பேரில் மீதி இரண்டு நல்ல பிரதிகளும் கெட்டதாகிவிடும். பிறகு ஸ்க்ரப்புக்குக் குறை எதுவும் தெரியாது, 'ஹெல்த் ஓகே' என்று பச்சை காட்டும். அந்தப் பச்சையைப் பார்த்து யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

அப்படி வந்தால் செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு ஷார்டின் டைஜஸ்டையும் தாளில் எழுதுங்கள். 2-உம் 11-உம் ஒன்று, பிரைமரியான 7 மட்டும் வேறு என்று வைத்துக்கொள்வோம். 'ராடோஸ் கெட்' போட்டு ஒப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். அது பிரைமரியில் இருப்பதை மட்டுமே தரும். 'நோஅவுட்' கொடியை ஏற்றி, ஓஎஸ்டி 7-ஐ மட்டும் நிறுத்துங்கள். 'செஃப்-ஆப்ஜெக்ட்ஸ்டோர்-டூல்' ஓஎஸ்டி நின்றிருக்கும்போதுதான் வேலை செய்யும். அதில் முதலில் 'கெட்-பைட்ஸ்' கொடுத்து அந்த ஆப்ஜெக்டை ஒரு கோப்பாக வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள். நம் முடிவு தவறு என்று பிறகு தெரிந்தால் திரும்பிப் போக இருக்கும் ஒரே வழி அந்தக் கோப்புதான். ஆப்ஜெக்டின் பெயரைக் கையால் அடிக்காமல், அதே கருவியின் 'லிஸ்ட்' தரும் முழு ஜேசான் வரியை அப்படியே ஒட்டுங்கள். ஸ்னாப்ஷாட் இருந்தால் ஒரே பெயரில் பல ஆப்ஜெக்ட் இருக்கும். பிறகு 'ரிமூவ்'. ஓஎஸ்டியைத் தொடங்கி, கொடியை இறக்கி, ரிப்பேர் கொடுங்கள். இப்போது 7-இல் ஆப்ஜெக்டே இல்லை. மற்றவற்றிலிருந்து எடுத்துக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

மூன்றும் மூன்று விதமாக இருந்தால்? அப்போது செஃப்பிடம் பதில் கிடையாது. அந்த ஆப்ஜெக்ட் யாருடையது என்று தேடுங்கள். பெயர் 'ஆர்பிடி டேட்டா' என்று தொடங்கி, ஒரு முன்னொட்டு, கடைசியில் ஒரு பதினாறடிமான எண் என்று இருக்கும். எந்த இமேஜுக்கு (விஎம் டிஸ்க்குக்கு) 'ஆர்பிடி இன்ஃபோ' கொடுக்கும்போது 'பிளாக் நேம் ப்ரீஃபிக்ஸ்' அதே முன்னொட்டாக வருகிறதோ, அதுதான் ஆள். கடைசி எண் 431 என்று முடிந்தால், நாம் வழக்கமாக எண்ணும் பத்தடிமானத்தில் அது 1,073. ஒவ்வொரு ஆப்ஜெக்டும் 4 எம்பி. ஆக அந்த விஎம் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4,292 எம்பி தள்ளி அந்த நான்கு எம்பி இருக்கிறது. அங்கே எந்தக் கோப்பு இருக்கிறது என்று விஎம்முக்குள்ளிருந்து கண்டுபிடிக்கலாம். மாணவர் பயிற்சிக் கோப்பாக இருந்தால் பேக்கப்பிலிருந்து எடுத்துப் போடுங்கள். காலியிடமாக இருந்தால் கவலையே இல்லை.

ரிப்பேர் முடிந்ததும் டிஸ்க்கை விசாரிக்காமல் விடாதீர்கள். ஓஎஸ்டி 2 எந்த சர்வரில் என்பதை 'செஃப் ஓஎஸ்டி ஃபைண்ட் 2' சொல்லும். அந்த சர்வரில் 'டிமெசேஜ்' திறந்து 'மீடியம் எரர்' என்று தேடுங்கள். 'ஸ்மார்ட்சிடிஎல்' தரும் பட்டியலில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: மாற்றி ஒதுக்கிய செக்டர், நிலுவையில் உள்ள செக்டர், மீட்க முடியாத செக்டர். ப்ளூஸ்டோர் சரிசெய்த ஆப்ஜெக்டைப் புதிய இடத்தில் எழுதுவது வழக்கம் என்பதால், ரிப்பேருக்குப் பிறகும் 197 குறையாமல் நிற்கலாம். அதைப் பார்த்து ரிப்பேர் பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து எண் ஏறியிருந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள். 'செஃப் ஓஎஸ்டி அவுட் 2' கொடுத்துத் தரவு முழுக்க வெளியேறும்வரை பொறுத்திருங்கள். 'சேஃப்-டு-டெஸ்ட்ராய்' கேட்டு, சரி என்று வந்த பிறகே கழற்றுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: லிஸ்ட்-இன்கன்சிஸ்டென்ட்-ஆப்ஜ் கொடுத்தால் 'நோ ஸ்க்ரப் இன்ஃபர்மேஷன் அவைலபிள்' என்றே வருகிறது. ஆனால் இன்கன்சிஸ்டென்ட் நிலை மட்டும் போகவில்லை.

ஸ்க்ரப்புக்குப் பிறகு அந்த பிஜியின் ஓஎஸ்டி ஏதாவது விழுந்து எழுந்திருக்கும். அப்போது பழைய ஸ்க்ரப் விவரம் செல்லாமல் போய்விடும். 'செஃப் பிஜி டீப்-ஸ்க்ரப்' அந்த எண்ணோடு கொடுத்து, முடிந்த பிறகு மறுபடி கேளுங்கள். அதற்குள் ஓஎஸ்டி எதையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஏற்றுமதி நிறுவன சிஸ்டம் அட்மின், கடலூர் முதுநகர்: செலவைக் குறைக்க இரண்டு பிரதிதான் வைத்திருக்கிறோம்: சைஸ் 2, மின்_சைஸ் (எழுத அனுமதிக்கக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய பிரதி) 1. நான்கு சர்வர், ஒவ்வொன்றிலும் 4 டிபி டிஸ்க் நான்கு. இப்போது ஒரு பிஜி ஒத்துப்போகவில்லை. இரண்டில் எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டில் ஒன்றுக்கு 'ரீட் எரர்' இருந்தால் மற்றது சரி; ரிப்பேர் கொடுங்கள். இரண்டுமே சுத்தம் என்று சொல்லி வேறு வேறாக இருந்தால், உங்களுக்கு மூன்றாவது சாட்சி இல்லை. மேலே சொன்னபடி இமேஜைக் கண்டுபிடித்து, இரண்டு பிரதிகளையும் கோப்பாக எடுத்து வைத்து, உள்ளே இருப்பது டேட்டாபேஸ் என்றால் அதன் சொந்தச் சோதனையை ஓட்டிப் பார்ப்பதுதான் மிச்சமிருக்கும் வழி.

இந்த அமைப்பில் எங்களுக்குப் பெரிய கவலை மின்_சைஸ் 1. ஒரு பிற்பகலில் சர்வர் 'அ' பராமரிப்புக்காக நிற்கிறது. 'ஆ' தனியாக எழுதிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் ஒரு பிரதி போதும் என்று நீங்களே அனுமதித்திருக்கிறீர்கள். அரை மணி நேரத்தில் 'ஆ'வின் டிஸ்க் செத்துவிடுகிறது. 'அ' திரும்பி வருகிறது; அதன் கையில் இருப்பது அரை மணி நேரம் பழைய பிரதி. புதிதாக எழுதியவை இருந்தன என்று செஃப்புக்குத் தெரியும், எடுக்க இடமில்லை. 'அன்ஃபவுண்ட்' அல்லது 'இன்கம்ப்ளீட்' என்று பிஜி நின்றுவிடும். ரிப்பேர் கட்டளைக்கு அங்கே வேலையே இல்லை. இன்றைக்கே மின்_சைஸை 2 ஆக்குங்கள். ஒரு டிஸ்க் போனால் அந்த பிஜிகளில் எழுதுவது நிற்கும். அது தொந்தரவுதான், ஆனால் நின்றதை மறுபடி ஓட வைக்கலாம்.

மூன்று பிரதிக்கு மாற இடம் போதுமா என்று கணக்குப் போடுவோம். மொத்தம் 64 டிபி. இரண்டு பிரதியில் 32 டிபி கிடைக்கிறது, மூன்றில் 21 டிபி சொச்சம். ஆனால் முழுவதையும் நிரப்ப முடியாது. 85 சதவீதத்தில் 'நியர்ஃபுல்' எச்சரிக்கை, 90-இல் பேக்ஃபில் (தரவை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி நிரப்புவது) நிற்கும், 95-இல் எழுதுவதே நிற்கும். ஒரு சர்வர் முழுக்கப் போனாலும் மீதி மூன்று தாங்க வேண்டும் என்றால் 48 டிபியை மூன்றால் வகுத்து அதில் 85 சதவீதம்: 13.6 டிபி. உங்கள் உண்மையான தரவு இதற்குள் இருந்தால் டிஸ்க் வாங்காமலே மாறலாம். இன்கன்சிஸ்டென்ட் பிஜியை முதலில் தீர்த்துவிட்டு, பிறகு 'சைஸ் 3' கொடுங்கள். வரிசையை மாற்றினால் கெட்ட பிரதியே மூன்றாவதாகப் பெருகக்கூடும். மாறும் நேரத்தில் அலுவலகம் திணறாமல் இருக்க, குயின்சி அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால், எந்த வேலைக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் எம்க்ளாக் ப்ரொஃபைலை 'ஹை க்ளையன்ட் ஆப்ஸ்' என்று வையுங்கள், இரவில் மாற்றிக்கொள்ளலாம்.

மருத்துவ ஸ்கேன் மைய ஊழியர், புதுச்சேரி கடற்கரைப் பக்கம்: மூன்று மாதத்தில் ஐந்து முறை இன்கன்சிஸ்டென்ட். ஒவ்வொரு முறையும் ரிப்பேர் கொடுத்தால் போய்விடுகிறது. வெவ்வேறு பிஜி, ஆனால் எல்லாவற்றிலும் ஓஎஸ்டி 9 இருக்கிறது. அதன் ஸ்மார்ட் கணக்கில் 5, 197, 198 எல்லாம் பூஜ்யம். டிஸ்க் நன்றாக இருக்கும்போது ஏன் இப்படி?

ஓஎஸ்டி 9 எல்லாவற்றிலும் வருகிறது என்று கவனித்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. அதே பட்டியலில் 199-ஐப் பாருங்கள். டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் கேபிளில் போகும்போது கெட்டுப்போன தகவல்களின் எண்ணிக்கை அது. அது ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். நம் ஊர்க் கடற்கரையில் ஜன்னல் கம்பியையே உப்புக்காற்று இரண்டு வருடத்தில் தின்றுவிடுகிறது. கனெக்டர் முனைகளை விட்டுவைக்குமா?

சர்வரை நிறுத்தி அந்த டிஸ்க்கை வெளியே இழுங்கள். டார்ச் அடித்து ஸ்லாட்டின் உள்ளே பேக்பிளேன் (டிஸ்க்குகள் செருகும் பலகை) கனெக்டரைப் பாருங்கள். தங்க நிற முனைகள் மங்கி, ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தோ பச்சை ஏறியோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 99 சதவீதம், நூல் உதிராத துணி. துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். பென்சில் ரப்பரால் தேய்க்காதீர்கள். முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்கு இதைவிட மோசமாகும். பிறகு ஒரு சின்னச் சோதனை: ஓஎஸ்டி 9-இன் டிஸ்க்கையும் அதே சர்வரின் வேறொரு ஸ்லாட்டில் உள்ள டிஸ்க்கையும் இடம் மாற்றுங்கள். செஃப் டிஸ்க்கை அதன் உள்ளே இருக்கும் அடையாளத்தால் அறிவதால் ஸ்லாட் மாறினாலும் குழம்பாது. அடுத்த முறை கோளாறு டிஸ்க்கோடு போகிறதா, ஸ்லாட்டோடு நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்லாட்டோடு நின்றால் கேபிள் அல்லது பேக்பிளேன்.

199-உம் ஏறவில்லை, இடம் மாற்றியும் பயனில்லை, பிழை 'ரீட் எரர்' ஆக இல்லாமல் 'டைஜஸ்ட் மிஸ்மேட்ச்' ஆகவே வருகிறது என்றால் சர்வரின் ராமைச் சந்தேகியுங்கள். ப்ளூஸ்டோர் செக்சம் போடுவதற்கு முன்பே நினைவகத்தில் ஒரு பிட் புரண்டுவிட்டால், கெட்ட தரவுக்கே சரியான செக்சம் எழுதப்படும். அதன் பிறகு டிஸ்க் எத்தனை முறை படித்தாலும் குறை தெரியாது. மற்ற இரண்டு சர்வர்களோடு ஒப்பிடும் ஸ்க்ரப்தான் காட்டிக்கொடுக்கும். சாதாரண டெஸ்க்டாப் போர்டில் ஈசிசி (பிட் பிழையைத் தானே திருத்தும் வசதி) இல்லாத ராம் போட்டு ஓஎஸ்டி ஓட்டும் இடங்களில் இதைச் சந்தேகிக்காமல் இருக்க முடியாது. மெம்டெஸ்ட் ஓர் இரவு முழுக்க ஓடட்டும். நோயாளிகளின் ஸ்கேன் படம் இருக்கும் இடத்தில் ஈசிசி ராம் செலவைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கடலூர் துறைமுகப் பகுதி வாசகர்: 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பல நாள் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்தபோதும் மின்சாரத்தை நிறுத்தினார்கள். யூபிஎஸ் ஒரு மணி நேரம்தான் தாங்கும். புயல் கூண்டு ஏற்றினால் க்ளஸ்டரை எப்படி அணைத்து வைப்பது?

கூண்டு ஏற்றிய உடனே அல்ல. ஆனால் யூபிஎஸ் பேட்டரியில் ஓடத் தொடங்கிய பிறகும் அல்ல. மின்சாரம் இருக்கும்போதே, நிதானமாக.

முதலில் விஎம்களையும் க்ளையன்டுகளையும் முறையாக நிறுத்துங்கள். செஃப்எஃப்எஸ் இருந்தால் எல்லா இடத்திலும் அன்மவுன்ட் செய்து, ஃபைல் சிஸ்டத்தை 'டவுன்' ஆக்குங்கள். 'செஃப் எஸ்' கொடுத்து எல்லா பிஜியும் ஆக்டிவ்+க்ளீன் என்று உறுதிசெய்யுங்கள். நடுவில் ரெக்கவரி ஓடிக்கொண்டிருந்தால் முடியட்டும். பிறகு ஆறு கொடிகள்: நோஅவுட், நோபேக்ஃபில், நோரெக்கவர், நோரீபேலன்ஸ், நோடவுன், கடைசியாக பாஸ். நோஅவுட் ஏன் என்றால், ஓர் ஓஎஸ்டி 600 விநாடி காணவில்லை என்றால் செஃப் அதை விலக்கிவிட்டு அதன் தரவை வேறிடத்தில் புதிதாகக் கட்டத் தொடங்கிவிடும். சர்வர்கள் ஒவ்வொன்றாக அணையும்போது அது வேண்டாத வேலை. மானிட்டர் (க்ளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் நிரல்) ஓடாத சர்வர்களை முதலில் அணைத்து, மானிட்டர் உள்ள மூன்றையும் கடைசியாக அணையுங்கள்.

திரும்ப ஏற்றும்போது தலைகீழ். நெட்வொர்க் சுவிட்ச் முதலில். இதை மறந்து சர்வர்களை ஏற்றிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. பிறகு மானிட்டர் சர்வர்கள். குவோரம் (மானிட்டர்களின் பெரும்பான்மை) கூடியதா, மூன்றின் கடிகாரமும் ஒன்றா என்று பாருங்கள். 0.05 விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே 'க்ளாக் ஸ்க்யூ' என்று முறையிடும். பல நாள் அணைந்து கிடந்த போர்டின் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதியே பழைய வருடத்தில் நிற்கும். ஓஎஸ்டிகள் எல்லாம் எழுந்த பிறகு கொடிகளைப் பின்னிருந்து முன்னாக இறக்குங்கள்.

முறையாக அணைக்க முடியாமல் திடீரென்று போய்விட்டால்? நேர்மையான டிஸ்க் என்றால் ப்ளூஸ்டோர் தாங்கும். எழுதிவிட்டேன் என்று டிஸ்க் சொன்னது உண்மையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வாக்கைத் தவறவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று, ரைட்-பேக் கேஷ் (டிஸ்க்கில் எழுதும் முன்பே எழுதியாயிற்று என்று சொல்லும் முறை) ஓடும் ரெய்ட் கார்டில் பேட்டரி செத்துக் கிடப்பது. கார்டின் கருவியில் பேட்டரி நிலையைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ரைட்-த்ரூவுக்கு மாற்றுங்கள். செஃப்புக்கு ரெய்ட் கார்டே தேவையில்லை. டிஸ்க்கை நேரடியாகக் காட்டும் ஹெச்பிஏ போதும். இரண்டு, மின்வெட்டுப் பாதுகாப்புக் கெப்பாசிட்டர் இல்லாத மலிவு எஸ்எஸ்டியில் ராக்ஸ்டிபி (ப்ளூஸ்டோர் தன் குறிப்புகளை வைக்கும் டேட்டாபேஸ்) வைப்பது. விலைச்சீட்டில் 'பவர் லாஸ் ப்ரொடெக்ஷன்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ரெட்டியார்பாளையம் வாசகர்: 'பிஜிஸ் நாட் டீப்-ஸ்க்ரப்ட் இன் டைம்' என்று எச்சரிக்கை நிற்கிறது. இரவு 1 மணி முதல் 6 மணி வரைதான் ஸ்க்ரப் ஓட விட்டிருக்கிறோம். 8 டிபி டிஸ்க்குகள், 60 சதவீதம் நிரம்பியவை.

முதலில் 'நோடீப்-ஸ்க்ரப்' கொடியை யாராவது ஏற்றிவிட்டு மறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கணக்குதான் இடிக்கிறது. ஒரு டிஸ்க்கில் 4.8 டிபி படிக்க வேண்டும். வேறு வேலைகளுக்கு நடுவே ஸ்க்ரப்புக்கு விநாடிக்கு 30 எம்பி கிடைக்கிறது என்றால் 1,60,000 விநாடி, அதாவது 44 மணி நேரம். நீங்கள் தருவது இரவுக்கு 5 மணி வீதம் வாரத்துக்கு 35. எப்படியும் முடியாது. மாலை 8 மணிக்கே தொடங்க விடுங்கள், அல்லது 'ஓஎஸ்டி டீப் ஸ்க்ரப் இன்டர்வல்' மதிப்பை 604800 விநாடியிலிருந்து 1209600 ஆக்குங்கள். இதை ஓஎஸ்டி பிரிவில் மட்டும் போடாமல் குளோபலில் போடுங்கள். இல்லையென்றால் எச்சரிக்கை தருபவர் பழைய ஏழு நாள் கணக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு வாரத்தைத் தாண்ட வேண்டாம். ஸ்க்ரப் தாமதமாகும் ஒவ்வொரு நாளும், ஒரு பிரதி கெட்டது தெரியாமல் இன்னொன்றும் கெடுவதற்கு இடம் கொடுக்கும் நாள்.

மென்பொருள் ஊழியர், நெல்லிக்குப்பம்: எங்களுடையது செஃப் அல்ல, கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸ். மூன்று நோட் (சர்வர்), மூன்று பிரதி. தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது தரைத்தளத்தில் இருந்த ஒரு நோடை எடுத்து மாடியில் வைத்தோம். 12 நாள் கழித்து மறுபடி சேர்த்தோம். அதன்பிறகு, நாங்கள் நீக்கிய வாடிக்கையாளர் பதிவுகள் சில திரும்ப வந்து நிற்கின்றன. எப்படி?

அந்த நோட் தன்னிடம் இருந்ததைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. கசாண்ட்ராவில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே அழியாது. 'நீக்கப்பட்டது' என்று டூம்ப்ஸ்டோன் என்ற ஒரு குறி எழுதப்படும். அணைந்திருக்கும் நோடுக்காக மற்றவை எடுத்து வைக்கும் ஹின்ட் முதல் 3 மணி நேரத்துக்கு மட்டும். டூம்ப்ஸ்டோனின் ஆயுள் 'ஜிசி கிரேஸ் செகண்ட்ஸ்': இயல்பாக 864000 விநாடி, அதாவது 10 நாள். அதன் பிறகு கம்பாக்ஷன் (பழைய கோப்புகளைச் சேர்த்துச் சுருக்குவது) நடக்கும்போது குறியும் சேர்ந்து போய்விடும். உங்கள் நோட் 12-ஆம் நாள் வந்தபோது மற்ற இரண்டிலும் பதிவும் இல்லை, நீக்கிய குறியும் இல்லை. இதன் கையில் மட்டும் பழைய பதிவு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும்போது, மற்ற இரண்டும் ஏதோ தவறவிட்டுவிட்டன என்றுதான் ரிப்பேர் முடிவுகட்டும். பழைய பதிவை அவற்றுக்கும் எழுதிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது: அப்ளிகேஷனின் லாக்கிலிருந்து அந்த 12 நாளில் நீக்கிய பதிவுகளின் சாவிகளைத் திரட்டி, மறுபடியும் நீக்குங்கள். மூன்று நோடும் ஓடிக்கொண்டிருக்கும்போது கன்சிஸ்டன்சியை 'ஆல்' (எல்லாப் பிரதிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும்) வைத்து நீக்குங்கள். பிறகு ஒவ்வொரு நோடாக 'நோட்டூல் ரிப்பேர்', 'ஃபுல்', 'பிஆர்' சேர்த்து ஓட்டுங்கள். 'பிஆர்' அந்த நோடுக்கு முதன்மையான பகுதியை மட்டும் பார்க்கும்; ஆகவே மூன்றிலும் ஓட்டினால்தான் வேலை முழுமை. ஒரே நேரத்தில் மூன்றிலும் தொடங்கிவிடாதீர்கள். பிரதிகளை ஒப்பிட உதவும் மெர்க்கிள் மரம் என்ற செக்சம் அடுக்கைக் கட்டுவதற்கு எல்லாத் தரவையும் படிக்கும் என்பதால் டிஸ்க் திணறும்.

அடுத்த முறை ஒரு நோட் 10 நாளுக்கு மேல் அணைந்திருந்தால் பழைய தரவோடு சேர்க்காதீர்கள். டேட்டா, கமிட்லாக், ஹின்ட்ஸ், சேவ்டு கேஷ் நான்கு டைரக்டரிகளையும் காலிசெய்து, 'ரீப்ளேஸ் அட்ரஸ் ஃபர்ஸ்ட் பூட்' என்ற அமைப்பில் அதன் சொந்த ஐபியையே கொடுத்துப் புதிய நோடாக ஏற்றுங்கள். மற்ற இரண்டிலிருந்தும் தரவை இழுத்துக்கொள்ளும். இரண்டாவது நாளே வெள்ளம் வடிய நாளாகும் என்று தெரிந்துவிட்டால், நோட் வெளியே இருக்கும்வரை அந்த டேபிள்களின் ஜிசி கிரேஸை 20 நாளுக்கு, 1728000 விநாடிக்கு, உயர்த்திவிடலாம். நோட் திரும்பி வந்து ரிப்பேர் முழுக்க முடிந்த பிறகு மறக்காமல் 864000-க்கு இறக்குங்கள். இல்லையென்றால் டூம்ப்ஸ்டோன் குவிந்து படிப்பது மெதுவாகிவிடும்.